அரசர் அழைத்தார், படகுகள் வரவில்லை

ஹவாய் அரசர் டேவிட் கலாகௌவாவுக்கு 1886 நவம்பர் 16 அன்று ஐம்பது வயது நிறைந்தது. ஹொனலூலு பல நாள் விழாக்கோலம் பூண்டிருந்தது. ஊர்வலம், விருந்து, பாதிரிமார்கள் பல பத்தாண்டுகளாக ஒடுக்கிவைத்திருந்த ஹூலா ஆட்டம், துறைமுகத்தில் படகுப் போட்டி என்று எதற்கும் குறைவில்லை. விருந்தாளிகளில் ஒரு கூட்டம் மட்டும் வந்து சேரவில்லை. சான் பிரான்சிஸ்கோவின் பாய்ப்படகுக்காரர்களுக்கு அரசர் ஓர் அழைப்பு அனுப்பியிருந்தார். நடுவில் ஒதுங்கி நிற்க ஒரு பாறைகூட இல்லாத இரண்டாயிரம் மைல் கடலைப் பந்தயமாகக் கடந்து என் பிறந்தநாளுக்கு வாருங்கள் என்பது அதன் சாரம். ஏற்பாடுகள் கூடிவரவில்லை. ஒரு படகும் கிளம்பவில்லை.

அந்தப் பந்தயம் பிறகு நடக்கத்தான் செய்தது. இருபது ஆண்டு கழித்து, 1906இல். அதற்குள் அழைத்த அரசரும் இல்லை, அவருடைய அரசும் இல்லை.

‘டிரான்ஸ்பேக்’ என்று பாய்ப்படகு உலகம் சுருக்கிச் சொல்லும் டிரான்ஸ்பசிபிக் பந்தயம் லாஸ் ஏஞ்சலீஸ் கரையில் தொடங்கி, ஹொனலூலுவின் டைமண்ட் ஹெட் முனையில் முடிகிறது. தூரம் 2,225 கடல் மைல். அட்லாண்டிக்கின் பெர்முடா பந்தயமும் அதே 1906இல்தான், இதற்குச் சில நாள் முன்னதாகப் பிறந்தது. இன்றும் நடந்துவரும் பெருங்கடல் பந்தயங்களில் இந்த இரண்டும்தான் மூத்தவை. பெர்முடா பந்தயத்துக்குப் பின்னால் ஒரு பத்திரிகை ஆசிரியரின் பிடிவாதம் இருந்தது. டிரான்ஸ்பேக்கின் பின்னணி அவ்வளவு எளிதில்லை. அதற்குள் சர்க்கரை இருக்கிறது, ஒரு நாட்டின் வீழ்ச்சி இருக்கிறது. பந்தயம் யாருடைய கடலில் நடந்ததோ அவர்களுடைய கடலறிவு அதற்குள் நுழைய எழுபது, தொண்ணூறு ஆண்டுகள் பிடித்தன என்ற கதையும் இருக்கிறது.

கலாகௌவா நீண்ட கடற்பயணம் கண்டவர். 1881இல் உலகத்தைச் சுற்றிவந்தார். பதவியில் இருக்கும்போதே அப்படிச் சுற்றிய முதல் அரசர் அவர்தான். ஜப்பான், சீனா, சயாம், சிங்கப்பூர், பினாங்கு, கல்கத்தா, எகிப்து, பிறகு ஐரோப்பா, அமெரிக்கா என்று நீண்டது அந்தப் பயணம். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடுவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. ஹொனலூலு துறைமுகத்தில் அவருக்கென்று ஒரு படகுக்கொட்டகை இருந்தது. படகுகளைவிட விருந்துகளுக்குப் பேர்போன இடம் அது. ‘டிரெஷர் ஐலண்ட்’ எழுதிய ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் 1889இல் அங்கே அரசரோடு உட்கார்ந்திருக்கும் புகைப்படம் இன்றும் காணக் கிடைக்கிறது.

கரும்புத் தோட்டங்களின் வளம் 1875இல் அமெரிக்காவுடன் போட்ட ஒப்பந்தத்திலிருந்து வந்தது. ஹவாய்ச் சர்க்கரைக்கு அமெரிக்கத் துறைமுகங்களில் வரி கிடையாது என்றது அது. அடுத்த ஆண்டே கலிபோர்னியாவின் சர்க்கரை முதலாளி கிளாஸ் ஸ்ப்ரெக்கல்ஸ் ஹவாயில் வந்து இறங்கிவிட்டார். மௌவி தீவில் அவருடைய கரும்பு, சான் பிரான்சிஸ்கோவில் அவருடைய ஆலை, நடுவில் அவருடைய கப்பல்கள். அரசருக்கே கடன் கொடுக்கும் நிலைக்கு உயர்ந்தார். சான் பிரான்சிஸ்கோவையும் ஹொனலூலுவையும் இணைத்த கடல்வழி அந்த நாட்களில் பெரும்பாலும் சர்க்கரை மூட்டைகளின் வழிதான்.

அந்த வழியில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறது. ஸ்ப்ரெக்கல்ஸ் குடும்பத்துக்காக 1883இல் மாத்யூ டர்னர் என்ற புகழ்பெற்ற கப்பல் தச்சர் ஓர் உல்லாசப் படகு கட்டிக்கொடுத்தார். ‘லுர்லைன்’ என்று பெயர். 86 அடி நீளம், ஸ்கூனர் வகை. அந்தக் குடும்பத்தோடு பழக்கமான வில்லியம் மாட்சன் என்ற ஸ்வீடன் நாட்டு மாலுமி ஒரே கப்பலோடு சரக்குத் தொழில் தொடங்கி, பின்னாளில் ஹவாயின் கப்பல் போக்குவரத்தையே கையில் வைத்திருந்தவர். தன் கப்பலுக்கும் மகளுக்கும் அவர் வைத்த பெயரும் லுர்லைன்தான். பிறகு சுற்றுலாப் பயணிகளை ஹொனலூலுவுக்குச் சுமந்துவந்த வெள்ளை நிற ஆடம்பரக் கப்பலும் லுர்லைன். ஒரு படகின் பெயர் இத்தனை தலைமுறை ஓடுவது அபூர்வம்.

அரசரின் பிறந்தநாள் விழா முடிந்த அடுத்த ஆண்டே, 1887இல், தோட்டக்காரர்களும் அவர்கள் தரப்பு வழக்கறிஞர்களும் ஆயுதம் தாங்கிய படையைக் காட்டி ஒரு புதிய அரசியலமைப்பில் அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். ‘பயோனெட் அரசியலமைப்பு’ என்று வரலாறு அதைக் குறிப்பிடுகிறது. அரசருக்குப் பட்டம் மட்டுமே மிஞ்சியது. 1891 ஜனவரியில், தாம் யாரை விருந்துக்கு அழைத்தாரோ அவர்களுடைய சான் பிரான்சிஸ்கோவிலேயே, ஒரு ஹோட்டல் அறையில், அவர் உயிர் பிரிந்தது. உடல் அமெரிக்கப் போர்க்கப்பலில் ஊர் திரும்பியது. அடுத்து அரியணை ஏறிய தங்கை லிலியுஒகலானியை 1893 ஜனவரியில் கவிழ்த்தார்கள். அமெரிக்கக் கப்பற்படை வீரர்கள் கரையிறங்கி நின்றது கவிழ்த்தவர்களுக்குத் துணையானது. 1898இல் ஹவாயை அமெரிக்கா தன்னோடு சேர்த்துக்கொண்டது.

பந்தயத்தை மறுபடி கையிலெடுத்தவர் ஹொனலூலுவில் வாழ்ந்த கிளாரன்ஸ் மக்ஃபர்லேன். கலிபோர்னிய நண்பர்களைப் பந்தயத்துக்குக் கூப்பிட்டுவிட்டு, தம்முடைய 48 அடி ‘லா பலோமா’ படகை எடுத்துக்கொண்டு சான் பிரான்சிஸ்கோவை நோக்கிப் பாய் விரித்தார். விரிகுடாவுக்குள் நுழைந்தபோது ஊர் சிதைந்து கிடந்தது. 1906 ஏப்ரல் 18இல் நிகழ்ந்த நிலநடுக்கத்துக்கும் அதைத் தொடர்ந்த பெருந்தீக்கும் பிறகு அப்போது 27 நாள்தான் ஆகியிருந்தது. அங்கே பந்தயம் பற்றி யாரிடம் பேசுவது? தெற்கே லாஸ் ஏஞ்சலீசுக்குப் போனார். ஜூன் மாதம் மூன்றே படகுகள் கிளம்பின. அவருடைய லா பலோமா ஒன்று. 115 அடி ‘அனிமோன்’ ஒன்று. மூன்றாவது, அதற்குள் கை மாறியிருந்த அதே லுர்லைன்.

லுர்லைன்தான் முதலில் வந்தது. பன்னிரண்டு நாளும் சுமார் பத்து மணி நேரமும் எடுத்தது. அடுத்து 1908இல் நடந்த பந்தயத்திலும் அதுவே வென்றது. அரசருக்குக் கடன் கொடுத்த சர்க்கரை முதலாளியின் குடும்பத்துக்காகக் கட்டிய படகு, அரசர் கனவு கண்ட பந்தயத்தில் வெற்றிப் படகு ஆனது.

நிலநடுக்கம் தள்ளிவிட்டதால் நேர்ந்த அந்த இடமாற்றம் பந்தயத்துக்கு நல்லதாகவே முடிந்தது. காரணம் காற்று. கோடைக்காலத்தில் கலிபோர்னியாவுக்கும் ஹவாய்க்கும் இடையே, நேர்க்கோட்டுக்குச் சற்று வடக்கே, ஓர் உயர் அழுத்த மண்டலம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதைச் சுற்றிக் காற்று கடிகார முள் திசையில் வீசும். ஆகவே கலிபோர்னியக் கரையில் காற்று வடமேற்கிலிருந்து வரும், ஹவாயை நெருங்கும்போது வடகிழக்கிலிருந்து வரும். பள்ளிப் புவியியலில் படித்த வியாபாரக் காற்று இதுதான். மண்டலத்தின் நடுவிலோ காற்றே கிடையாது. நேர்க்கோட்டில் போனால் தூரம் குறைவு, ஆனால் அந்தக் காற்றில்லாப் பகுதி உரசிக்கொண்டு வரும். தெற்கே வளைந்து போனால் நூறு, இருநூறு மைல் கூடும், காற்று கிடைக்கும். எவ்வளவு வளைவது என்பதுதான் பந்தயத்தின் சூட்சுமம் முழுவதும். லாஸ் ஏஞ்சலீஸ் தெற்கே இருப்பதால் அங்கிருந்து கிளம்புகிறவர்களுக்கு அந்த வளைவு சற்று எளிது.

பந்தயப் பாதையில் சுற்றிக் கடக்க வேண்டிய நிலம் காட்டலினா தீவின் மேற்கு முனை ஒன்றுதான். அதைத் தாண்டிய முதல் இரண்டு மூன்று நாள் குளிரும் ஈரமுமாக இருக்கும், வானம் சாம்பல் பூத்திருக்கும். படகு சாய்ந்தபடியே ஓடும், சமைக்க முடியாது, தூங்கவும் முடியாது. வழி எது என்ற முடிவும் அந்த நாட்களில்தான் எடுக்கப்பட்டாக வேண்டும். பிறகு தவறு தெரியவந்தால் திருத்திக்கொள்ள வழியில்லை. செயற்கைக்கோள் வருவதற்கு முன் ஒரு செக்ஸ்டன்ட் கருவி, ஒரு கடிகாரம், கரகரக்கும் வானொலியில் வரும் வானிலைக் குறிப்பு ஆகியவற்றை வைத்துக்கொண்டு இந்தச் சூதாட்டத்தை ஆடினார்கள். பாதி வழி தாண்டியதும் எல்லாம் மாறும். காற்று முதுகுப்பக்கம் வரும், கடல் நீலமாகும், குளிர்ச்சட்டை மூட்டைக்குள் போகும், காலையில் தளத்தின் மேல் பறக்கும் மீன்கள் விழுந்து கிடக்கும். பாதி வழியைத் தாண்டிய நாளைப் படகுக்குள் விருந்து வைத்துக் கொண்டாடுவது பழைய வழக்கம். இரவில் மழைமேகங்கள் பின்னாலிருந்து வந்து கவியும். மேகத்தின் முன்விளிம்பில் பலத்த காற்று இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டால் லாபம். மேகம் தாண்டிப்போன பிறகு அதன் பின்னால் மாட்டிக்கொண்டால் பாய் தொங்கிப்போகும். கடைசியில் மொலக்காய் தீவுக்கும் ஒவாஹு தீவுக்கும் இடைப்பட்ட நீரிணை. இரண்டு தீவுகளுக்கு நடுவே நெரிபடும் காற்று அங்கே இன்னும் வேகம் எடுக்கும், அலை உயரும். பாய் கிழிவதும் மரம் முறிவதும் வெற்றி கண்ணில் தெரியும் அந்தக் கடைசி இருபது முப்பது மைலில்தான் அதிகம்.

முதல் உலகப் போரில் பந்தயம் நின்றுபோனது. 1923இல் சான்டா பார்பராவிலிருந்து மீண்டும் தொடங்கியது. 1925இல் ஆசை பெரிதாகி, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தஹீட்டி வரை ஒரு பந்தயம் வைத்தார்கள். பூமத்திய ரேகையைத் தாண்டி மூவாயிரத்து ஐந்நூறு மைலுக்கு மேல் ஓட வேண்டிய அதற்கு வந்தவை நான்கு படகுகள். ‘மரினர்’ என்ற ஸ்கூனர் இருபது நாள் சொச்சத்தில் தஹீட்டியின் பாபேட்டேயைத் தொட்டு வென்றது. பொருளாதார மந்தம் கவிந்த 1932இல் ஹொனலூலு பந்தயத்துக்கே இரண்டு படகுகள்தான் தேறின. மூன்றாமிடம் என்ற பேச்சுக்கே இடமில்லாத பெருங்கடல் பந்தயம்.

அதே ஆண்டுகளில் ஹவாய் சர்க்கரையோடு சுற்றுலாவையும் விற்கத் தொடங்கியிருந்தது. நெல்லும் சேம்புக் கிழங்கும் விளைந்த, மீன்குளங்கள் நிறைந்த வைகிகிச் சதுப்பு நிலத்தில் 1920களில் அலா வாய் கால்வாய் வெட்டி நீரை வடித்தார்கள். 1927இல் மாட்சன் கப்பல் நிறுவனம் அங்கே ரோஸ் நிறத்தில் ராயல் ஹவாயன் ஹோட்டலை எழுப்பியது. இன்று பந்தயப் படகுகள் வந்து கட்டுகிற அலா வாய் துறை அந்தக் கால்வாயின் வாயில் இருக்கிறது. எந்த நள்ளிரவில் வந்து சேர்ந்தாலும் ஒவ்வொரு படகுக்கும் கரையில் ஒரு வரவேற்புக் குழு மலர்மாலையோடும் ‘மாய் தாய்’ மதுவோடும் காத்திருப்பது வழக்கம். மாலை ஹவாயுடையது. மாய் தாய், 1944இல் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் விக்டர் பெர்ஜரான் தம் மதுக்கடையில் கலந்துபார்த்த சரக்கு. மாட்சன் ஹோட்டல்கள் வழியாக 1953இல் ஹொனலூலுவுக்கு வந்து, இப்போது தீவின் பூர்வகுடி பானம்போல நடமாடுகிறது. ஹவாய் என்று உலகம் நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி இப்படிக் கப்பலேறி வந்ததுதான்.

1936இல் வென்ற படகு 52 அடி ‘டோரேட்’. ஓலின் ஸ்டீவன்ஸ் தம் இருபதுகளின் தொடக்கத்தில் வரைந்த ஒல்லியான மரப்படகு அது. அதன் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளலாம், பின்னால் தேவைப்படும். 1939 முதல் பந்தயம் ஒற்றைப்படை ஆண்டுகளுக்கு மாறியது. இரட்டைப்படை ஆண்டில் பெர்முடா பந்தயம் நடப்பதால் இரண்டும் மோதிக்கொள்ள வேண்டாம் என்ற ஏற்பாடு. 1941 ஜூலையிலும் பந்தயம் நடந்தது. டைமண்ட் ஹெட்டிலிருந்து சற்றே மேற்கே உள்ள பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுந்தது அதற்கு ஐந்து மாதம் கழித்து. பிறகு 1947 வரை பந்தயம் இல்லை.

போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அதிகம் பேசப்பட்ட பெயர் வெற்றி பெற்ற யாருடையதும் இல்லை. 1951இல் ‘லா’ப்பாஷ்’ என்ற படகிலிருந்து டெட் சியர்க்ஸ் என்பவர் நடுக்கடலில் தவறி விழுந்தார். முதுகுக்காற்றில் பெரிய பாய் விரித்து ஓடும் படகை உடனே நிறுத்த முடியாது. பத்து நாட் வேகம் என்றால் நிமிடத்துக்கு முந்நூறு மீட்டர். பாயை இறக்கி, படகைத் திருப்பி, எதிர்காற்றில் வந்த வழியே தேடி வருவதற்குள் ஆள் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அப்படித்தான் ஆயிற்று. வீசியெறிந்த மிதவை வளையம் ஒன்று அவர் கைக்குச் சிக்கியிருந்தது. அதைப் பற்றிக்கொண்டு இரவைக் கழித்தார். கடற்படைக் கப்பல்களும் விமானங்களும் தேடின. ஏறத்தாழ முப்பது மணி நேரம் கழித்து ‘மன்ரோ’ என்ற போர்க்கப்பல் அவரை உயிரோடு தூக்கியெடுத்தது. பசிபிக் பெருங்கடலில் ஒரு மனிதத் தலை என்ன அளவு என்று யோசித்துப் பார்த்தால், அந்தத் தேடல் பலித்ததே ஆச்சரியம்.

ஹவாய் மக்களுடைய கடலறிவு பந்தயத்தை முதலில் சீண்டியது அந்த ஐம்பதுகளில்தான். உலகப் போரின்போது கிறிஸ்துமஸ் தீவில் வேலையாக இருந்த வுடி பிரவுன் என்ற அமெரிக்கர், அங்கே தீவுவாசிகளின் இரட்டை உடல் ஓடத்தைப் பார்த்து வியந்திருந்தார். போர் முடிந்து ஹொனலூலு திரும்பியதும் ஆல்ஃபிரட் குமலாயே என்ற ஹவாய்ப் படகுத் தச்சரோடு சேர்ந்து 1947இல் ‘மனு காய்’ என்ற கட்டமரானைக் கட்டினார். அவர்களோடு வேலை பார்த்த ரூடி சோய் இன்னும் பெரிய படகுகளுக்குப் போனார். எடை குறைவு, அகலம் அதிகம், அடியில் கனத்த ஈயக் கட்டை கிடையாது. பொலினீசியர்கள் தீவுகளைத் தேடிக் கண்டுபிடித்தது இந்த அமைப்பில்தான். 1957இல் சோயின் ‘ஐகானே’ டிரான்ஸ்பேக் படகுகளோடு கிளம்பியது. பந்தயத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று விதி குறுக்கே நின்றது. பக்கத்தில் ஓடுவதை யாரும் தடுக்க முடியாதே! அதிகாரபூர்வமாக முதலில் வந்த படகைவிட ஒரு நாளுக்கும் மேல் முன்னதாக ஐகானே ஹொனலூலுவில் நின்றது. கோப்பை இல்லை, பட்டியலில் பெயரும் இல்லை. பல உடல் படகுகளுக்குப் பந்தயத்தின் வாசல் திறந்தது 1990களில்தான். பாதுகாப்புதான் காரணம் என்றார்கள். கவிழ்ந்தால் இந்தப் படகுகள் நிமிராது என்பது உண்மைதான். ஆனாலும் ஹவாய் அரசரின் அழைப்பில் முளைத்த பந்தயத்தில் ஹவாயின் படகு நாற்பது ஆண்டு வெளியே நிறுத்தப்பட்டதை அதை மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. பணக்காரச் சங்கங்களின் படகுகள் தோற்றுப்போகும் என்ற தயக்கமும் அதற்குள் இருந்திருக்க வேண்டும்.

இதற்கிடையே பெரிய படகுகளின் காலம் அதன் உச்சத்தைத் தொட்டது. 1965இல் 72 அடி ‘டிகொண்டரோகா’வும் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ‘ஸ்டார்ம்வோகல்’லும் இரண்டாயிரம் மைல் ஓடியபின் சில நிமிட இடைவெளியில் டைமண்ட் ஹெட்டைக் கடந்தன. டிகொண்டரோகா முந்திக்கொண்டது. ஒன்பது நாள் 13 மணி 51 நிமிடம், புதிய சாதனை. அதன் உரிமையாளர் ராபர்ட் ஜான்சன் அதோடு நிற்கவில்லை. பஹாமாஸின் ஃப்ரீபோர்ட் கடற்கரை மணலிலேயே பட்டறை போட்டு ‘விண்ட்வர்ட் பாசேஜ்’ என்ற படகைக் கட்டவைத்தார். 1971இல் அது அந்தச் சாதனையை நான்கு மணி நேரத்துக்கும் மேல் குறைத்தது.

முதலில் வந்து சேர்வது ஒரு வெற்றி. படகின் அளவுக்கேற்ப நேரச் சலுகை கொடுத்துக் கணக்குப் பார்த்து அறிவிக்கும் வெற்றி இன்னொன்று. இரண்டாவதில் 1965, 1967 இரண்டு முறையும் வென்றவை தொழிற்சாலையில் ஒரே அச்சில் வார்த்த ‘கால் 40’ என்ற நாற்பது அடி ஃபைபர் படகுகள். பில் லாப்வொர்த் வடிவமைத்தவை. இலேசான உடல், தனியே தொங்கும் சுக்கான். அலையின் முதுகில் ஏறினால் முரண்டு பிடிக்காமல் சறுக்கும். மாளிகை விலைப் படகுகளை மாதச் சம்பளக்காரர்கள் தோற்கடிக்க முடியும் என்று காட்டியவை இவைதான்.

சறுக்குவது என்ற சங்கதியை முழுதாகப் பிடித்துக்கொண்டவர் பில் லீ. ஊர் சான்டா குரூஸ். வட கலிபோர்னியாவின் இந்தச் சிறு கடற்கரை நகரத்துக்கு ஹவாயோடு இன்னொரு தொடர்பு உண்டு. கலாகௌவாவின் அரசி கபியோலானியின் தங்கை மகன்களான மூன்று இளவரசர்கள் கலிபோர்னியாவில் படித்துக்கொண்டிருந்தார்கள். 1885 கோடையில், அதாவது அரசரின் அழைப்புக்கு முந்தைய ஆண்டில், சான்டா குரூஸ் ஆற்றின் கழிமுகத்தில் ரெட்வுட் மரப் பலகைகளை இழைத்துக்கொண்டு அலைச்சறுக்கு ஆடினார்கள். அமெரிக்கப் பெருநிலத்தில் யாரேனும் அலைமேல் பலகை ஓட்டியதற்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிவு அதுதான். அந்தப் பழக்கம் பின்னால் அந்த ஊரின் மதமாகவே ஆகிப்போனது.

அப்படிப்பட்ட ஊரில், ஒரு பழைய கோழிப்பண்ணைக் கொட்டகையில், 1977இல் பில் லீ கட்டி முடித்த ‘மெர்லின்’ 68 அடி நீளம். எடை சுமார் 11 டன். அந்த நீளத்தில் அப்போது ஓடிய மற்றப் படகுகளின் எடையில் பாதிகூட இல்லை. பழைய ஸ்கூனர்கள் அலையை உழுதுகொண்டு போயின. ஒரு படகு எவ்வளவு நீளமோ அதற்கேற்ற ஒரு வேக வரம்பு உழுகிற படகுக்கு உண்டு. அலையின் சரிவில் ஏறிச் சறுக்கும் படகு அந்த வரம்பை மதிப்பதில்லை. நியூசிலாந்தில் ஒட்டுப்பலகையால் கட்டப்பட்ட ‘ராக்டைம்’ 1973இல் விண்ட்வர்ட் பாசேஜை நிமிடக் கணக்கில் முந்தி இதற்குக் கோடி காட்டியிருந்தது. மெர்லின் அதை ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவியது. எட்டு நாள் 11 மணி 1 நிமிடம் 45 விநாடி. பழைய சாதனையில் ஏறக்குறைய ஒரு நாள் குறைந்தது. இருபது ஆண்டுகள் யாராலும் அதை அசைக்க முடியவில்லை. மந்திரவாதி மாதிரி அங்கியும் கூம்புத் தொப்பியும் போட்டுக்கொண்டு விழாக்களுக்கு வருவார் பில் லீ. படகுக்கும் மந்திரவாதியின் பெயர்தானே!

மெர்லின் ஓடியதற்கு முந்தைய ஆண்டு, 1976இல், ஹவாய்த் தீவுகளிலிருந்து ‘ஹொகுலேயா’ என்ற இரட்டை உடல் ஓடம் தெற்கே தஹீட்டிக்குப் புறப்பட்டிருந்தது. திசைகாட்டியோ வரைபடமோ இல்லை. வழிகாட்டியவர் மைக்ரோனீசியாவின் சதவால் தீவைச் சேர்ந்த மௌ பியைலுக், நட்சத்திரத்தையும் அலையின் போக்கையும் படித்து வழி சொல்லும் மரபில் வந்தவர். ஹவாயில் அப்போது அந்தக் கலை தெரிந்தவர் ஒருவர்கூட மிஞ்சியிருக்கவில்லை. ஒரு மாதத்துக்குச் சற்று மேல் ஓடி ஓடம் பாபேட்டே சேர்ந்தபோது கரையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டிருந்தார்கள். அது பந்தயம் கிடையாது, யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. ஆனால் ஹவாயில் பாய்மரம் என்றதும் நினைவுக்கு வருவது டிரான்ஸ்பேக்கா, ஹொகுலேயாவா என்று உள்ளூர்க்காரர் யாரைக் கேட்டாலும் விடையில் சந்தேகம் இருக்காது.

மெர்லினின் சாதனை 1997இல் ராய் டிஸ்னியின் ‘பைவாக்கெட்’டிடம் வீழ்ந்தது. ஆமாம், அதே டிஸ்னி குடும்பம்தான். அதன்பின் எண்கள் சரிந்தபடி இருந்தன. 2017இல் ‘கொமான்ச்சே’ என்ற நூறு அடி கார்பன் படகு ஐந்து நாள் 1 மணி 55 நிமிடத்தில் வந்தது. சராசரி 18 நாட் வேகம். லுர்லைனின் சராசரி ஏழரை. அதே ஆண்டு ‘மைட்டி மெர்லோ’ என்ற மூன்று உடல் படகு நான்கே கால் நாளில் வந்துவிட்டது. வெளியே நிறுத்தப்பட்டிருந்த வகைப் படகுக்கே இன்று பந்தயத்தின் அதிவேக நேரம் சொந்தம்.

எல்லாமே வேகத்தின் பக்கம் சாய்ந்துவிடவும் இல்லை. 2013இல் நேரச் சலுகைக் கணக்கில் ஒட்டுமொத்த வெற்றி பெற்றது 1936இல் வென்ற அதே டோரேட். புதுப்பித்து எடுத்துவந்த மரப்படகு 77 ஆண்டுக்குப் பிறகு அதே பந்தயத்தை மீண்டும் வென்றது. அந்த ஆண்டு இரவுகளில் கார்பன் படகுகள் பயந்தது காற்றுக்கு அல்ல, ஜப்பானின் 2011 சுனாமி அடித்துவந்த மரத்துண்டுகளுக்கும் மிதவைகளுக்கும். 2019இல், ஐம்பதாவது பந்தயத்தில், சுக்கான் உடைந்து நீர் புகுந்த ‘ஓ.இ.எக்ஸ்.’ கரையிலிருந்து இருநூறு மைல் தள்ளி மூழ்கியது. உள்ளே இருந்த ஒன்பது பேரையும் போட்டிப் படகான பைவாக்கெட் வந்து ஏற்றிக்கொண்டது. அதோடு அந்தப் படகின் பந்தயமும் முடிந்தது. கலிபோர்னியாவுக்கே திரும்பிப் போனார்கள்.

பந்தயம் முடிந்து படகு ஊர் திரும்புவது பற்றிப் பரிசளிப்பு விழாவில் யாரும் பேசுவதில்லை. வரும்போது முதுகில் தள்ளிய காற்று திரும்பும்போது முகத்தில் அடிக்கும். எனவே நேராகப் போக முடியாது. வடக்கே பல நூறு மைல் ஏறி, உயர் அழுத்த மண்டலத்தின் தலையைச் சுற்றிக்கொண்டுதான் கலிபோர்னியாவில் இறங்க வேண்டும். இரண்டு, மூன்று வாரம் ஆகும். உரிமையாளர்களும் பந்தய ஆட்களும் ஐந்து மணி நேர விமானத்தில் வீடு போய்விடுவார்கள். படகைக் கொண்டுசேர்ப்பது கூலிக்கு வரும் இரண்டு மூன்று இளைஞர்களின் வேலை. பந்தயப் பாய்களைக் கழற்றி மூட்டை கட்டிவிட்டு, பழைய தடித்த பாயை ஏற்றி, டீசல் கேன்களைத் தளத்தின் ஓரமெங்கும் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு அலா வாய் துறையை விட்டுக் கிளம்புவார்கள். காற்றில்லாப் பகுதி குறுக்கிட்டால் எஞ்சினை ஓட்டிக்கொள்ளலாம், இங்கே விதி எதுவும் கிடையாது. டீசல் தீர்ந்துபோனால் காற்று வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.